ஸ்லாட்டுக்குள் ஒரு சின்ன மேடு

தச்சர் கைக்குப் பொருந்தாத கதவு என்று ஒன்று கிடையாது. மழையில் ஊதிய கதவோ, கோணலாக நட்ட நிலையோ, இழைப்புளியால் நாலு இழுப்பு இழுத்தால் வழிக்கு வந்துவிடும். அவர் மனைவி கட்டட வரைபடம் போடுகிறவள். தனியாக எடுத்த முதல் பெரிய வேலை, ஒரு பள்ளிக்கூடத்தின் வரைபடம், மறுநாள் போய்ச் சேர வேண்டும். கம்ப்யூட்டரோ ஆமை வேகம். ரேம் போதவில்லை என்று அவள் புலம்பிக்கொண்டே இருந்தாள்.

அவள் வெளியே போன நேரம் பார்த்து, அசத்திவிடலாம் என்று தச்சர் ரேம் வாங்க கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். கம்ப்யூட்டருக்குள் இருப்பது எந்த போர்டு என்று கேட்டார்கள். "இருக்கிறதுலயே புதுசாக் குடுங்க" என்றார்.

கம்ப்யூட்டர் மூடியைக் கழற்றினால் உள்ளே போர்டில் ரேம் செருக இரண்டு ஸ்லாட். ஒன்றில் பழைய ரேம், மற்றது காலி. புதியது இறங்க மறுத்தது. ஸ்லாட்டுக்குள் ஒரு சின்ன மேடு, ரேமின் அடியில் ஒரு வெட்டு. இரண்டும் கொஞ்சம் தள்ளி நின்றன. மனிதருக்குச் சிரிப்புதான் வந்தது. இதற்கா இத்தனை பிகு? புதுக் கதவில் கைவைக்க மனம் வராமல் நிலையைச் சீவுவதுபோல, ரேமை விட்டுவிட்டு ஸ்லாட்டைச் சீவினார். உளி பட்டதும் மேடு போயே போய்விட்டது. ரேமை அழுத்தி உட்கார வைத்து சுவிட்சைப் போட்டார். கருகிய வாடை வந்தது.

ரிப்பேர்க் கடைக்காரம்மா உள்ளே பார்த்தாள். "இந்த மேட்டை யாரு சீவினது?"

"இடிச்சுதும்மா. கொஞ்சம் எடுத்துவிட்டேன்."

"இடிக்கணும்னுதானே வச்சிருக்காங்க! போர்டு பழைய ரகம், ரேம் புது ரகம். ரெண்டுக்கும் கரண்ட் அளவே வேற. மாத்தி மாட்டிடக் கூடாதுன்னுதான் அந்த மேடு."

தச்சர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "என் வீட்டுக்காரி இதுல போட்ட படம்?"

"அது டிஸ்க்குல பத்திரமா இருக்கு. ரேம் வேலை நடக்குற நேரத்துக்கு மட்டுந்தான்."

காலி ஸ்லாட் போனது போனதுதான். பழைய ரேமை வைத்துக் கம்ப்யூட்டர் பழையபடி மெதுவாக ஓடியது.

மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கத்தவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"வாங்குறதுக்கு முன்னால என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"எந்தக் கதவைக் கேட்டுட்டு நான் சீவியிருக்கேன்?" என்றார், அவளைச் சிரிக்க வைத்துவிடலாம் என்று.

"நான் கதவில்லீங்க" என்றாள்.

திரையில் பள்ளிக்கூடம் ஒவ்வொரு சுவராக வந்துகொண்டிருந்தது. கடைசிச் சுவர் வரும்வரை தச்சர் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.