பதினோராம் படத்தில இருந்த ஆள்

பேய் பிசாசு எண்டு ஆரும் கதை துவங்கினால் எழும்பிப் போற ஆள் நான். இப்பவும் அப்பிடித்தான். நீங்கள் நம்பமாட்டியள், அதுவும் தெரியும். ஆனா நடந்ததைத்தான் சொல்லுறன்.

எழுபதுகளில கொழும்பில புகைப்படக்கலை டிப்ளோமா செய்தனான். கடைசி வருஷம் ஒரு ஆய்வேடு குடுக்கோணும். நான் எங்கட திருகோணமலைத் துறைமுகப் பக்கத்து வள்ளக்காரரைப் பற்றி எழுதி, இருவது படமும் ஒட்டிக் குடுத்திட்டு வீட்டை வந்திட்டன். ரெண்டு கிழமையால எனக்குப் படிப்பிச்ச மிஸ்ஸிட்ட இருந்து கடிதம். முகவுரை நீளம், நாலாம் படம் இருட்டு எண்டு திருத்தவேண்டியதெல்லாம் எழுதியிருந்தா. அதெல்லாம் சரிதான். பதினோராம் படத்துக்கு எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் திகைச்சுப்போனன்.

"வள்ளத்தின் முன்பக்கத்தில் தேநீர்க் கேத்தலோடு இருப்பவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. இடது கையில் இரண்டு விரல் இல்லாததற்கு ஒரு கதை இருக்கும். அவரைக் கேட்டு எழுதாவிட்டால் இந்த அத்தியாயத்தை ஏற்க முடியாது."

பதினோராம் படம் கரையில கிடந்த வெறும் வள்ளம். எடுத்தவன் நான், எனக்குத் தெரியாதா? நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில பிடிச்சு பூதக்கண்ணாடி வைச்சுப் பார்த்தன், ஒரு காகம்கூட இல்லை. மிஸ் வேற ஆற்றையோ படத்தோட குழம்பிட்டா எண்டு நினைச்சன். எண்டாலும் ஏற்க முடியாது எண்டிட்டாவே, நான் சித்தியடையோணுமே, அந்த வள்ளத்துச் சொந்தக்காரர் காசிம் நானாவை ஒருக்கா கேட்பம் எண்டு பக்கத்து ஊர் கிண்ணியாவுக்குப் போனன்.

நானா வாசலில இருந்து கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டிருந்தார். நல்ல பகல் வெயில்.

"நானா, ரெண்டு விரல் இல்லாத ஆள் ஆரும் உங்கட வள்ளத்தில வாறவரோ?" எண்டு சிரிச்சுக்கொண்டுதான் கேட்டனான்.

வலை கையால நழுவி விழுந்திட்டுது. "ஆரு தம்பி ஒங்களுக்கு இதச் சொன்ன?"

கடிதத்தை வாசிச்சுக் காட்டினன். பிறகு சொன்னார், அவற்ற தம்பிக்குத்தான் மீனுக்குப் போட்ட டைனமைட்டில ரெண்டு விரல் போனதாம், பதினாலு வருஷத்துக்கு முந்தி அதே வள்ளத்தில இருந்து கடலுக்க விழுந்தவராம், மையத்துக்கூடக் கிடைக்கேல்லையாம். அந்தத் தம்பியின்ர மனிசி உள்ளுக்க நிண்டு எல்லாத்தையும் கேட்டிருக்கிறா. வெளிய வந்தா.

"அவர்ட ஒரு போட்டோவும் எங்ககிட்ட இல்ல தம்பி. அந்தப் படத்த எனக்குக் கொண்டுவந்து தாங்க."

படத்தில ஆள் இல்லை எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை.

அடுத்த நாளே ரெயிலேறி கொழும்புக்குப் போனன். மிஸ் அலுமாரியில இருந்து என்ர ஆய்வேட்டை எடுத்து பதினோராம் படத்தை விரிச்சா. வெறும் வள்ளம். அவவின்ர முகம் வெளிறிப்போச்சு.

"இல்லை, இருந்தவர். பார்த்துக் கீறினனான்!"

படத்தை எங்க வெட்டினால் நல்லம் எண்டு காட்ட, மேல மெல்லிய தாள் வைச்சுப் பென்சிலால கீறியிருக்கிறா. அந்தத் தாளை எடுத்து நீட்டினா. வள்ளம், முன்பக்கத்தில ஒரு ஆள், மடியில கேத்தல், இடது கையில மூண்டு விரல், முகம்கூடத் துலக்கமாக் கீறியிருந்தா. பதினோராம் படத்துக்குக் கீழ நான் ஒண்டும் எழுதாமலே மிஸ் ஆய்வேட்டில கையெழுத்து வைச்சு, அந்தத் தாளையும் என்னட்டத் தந்தா.

தாளைக் கொண்டுபோய் அந்த மனிசியிட்டக் குடுத்தன். கனநேரம் பார்த்தா. "ஓம், இவர்தான்," எண்டு அழுதா. பிறகு தாளில இருந்த முகத்தை விரலால தடவி என்னைக் கேட்டா:

"ஏன் தம்பி இவ்வளவு சுருக்கம்? தாடி வேற. கடல்ல விழுந்து மௌத்தாகக்குள்ள இவருக்கு முப்பது வயசுதானே."

படத்தில பார்த்த ஆளுக்கு என்ன வயசிருக்கும் எண்டு மிஸ்ஸுக்கு உடன கடிதம் போட்டுக் கேட்டன். மறுகிழமை பதில் வந்தது, ஒரே ஒரு வரி. நாற்பத்தைந்து வயதளவில் இருக்கும், தாடி பாதி நரைத்திருந்தது எண்டு.

முப்பதும் பதினாலும் எத்தினை எண்டு நீங்களே கூட்டிப் பாருங்கோ. அந்த ஆளுக்கு வயசு போய்க்கொண்டுதான் இருந்திருக்கு. எங்க இருந்துகொண்டு எண்டுதான் எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை.