இன்றும் சுத்தமாக இருந்தாள்

நார்வேயில் நாங்கள் இருக்கும் சின்ன ஊரில், மாலையில் பிள்ளைகளைப் பார்னஹாகேயிலிருந்து அழைத்துவரப் போனால், அன்றைய நாளைப் பற்றி டீச்சர் இரண்டு வார்த்தை சொல்லுவார். பார்னஹாகே என்றால் பாலர் பள்ளிதான். பாதி நாள் மழையிலும் சேற்றிலும் நடக்கும் பாலர் பள்ளி. ஒருநாள் என் நான்கு வயது மகளைக் காட்டி, "இனியா இன்று முழுக்கச் சுத்தமாக இருந்தாள்" என்றார். எனக்கு வாயெல்லாம் பல். நன்றி சொன்னேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. மறுநாளும், "இன்றும் சுத்தமாக இருந்தாள்" என்றார். நானும் சளைக்காமல் நன்றி சொன்னேன். மூன்றாம் நாள் என்னை உள்ளே அழைத்து உட்காரவைத்துவிட்டார். அது பாராட்டு இல்லை, புகார் என்று அப்போதுதான் இந்த மண்டையில் ஏறியது.

மற்ற பிள்ளைகள் சேற்றில் புரளும்போது இனியா சுவரோரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாளாம். மண்ணைத் தொடுவதில்லை, வர்ணத்தில் விரல் வைப்பதில்லை. சாப்பாட்டு நேரத்தில் டீச்சரிடம் போய் இரண்டு கையையும் நீட்டுகிறாள், புரட்டிக் காட்டுகிறாள், அப்படியே நிற்கிறாள். "ஏதோ கேட்கிறாள் என்று ஓர் ஆப்பிள் துண்டை வைத்தேன். அதையும் தின்னாமல் ஏந்திக்கொண்டே நின்றாள். அவளுக்கு என்னதான் வேண்டும்?" என்று டீச்சர் கேட்டார். எனக்குத் தெரியும். "சரி, போ" என்று யாராவது சொல்ல வேண்டும். வீட்டில் அதைச் சொல்லுகிறவள் நான். ஒரே தடவையில் சொன்னதும் கிடையாது. நகக்கண்ணைப் பார்த்து, விரலிடுக்கைப் பார்த்து, "போய் இன்னொரு தடவை கழுவு" என்று அனுப்பிய பிறகுதான் சொல்லுவேன். டீச்சரிடம் அதையெல்லாம் சொல்ல வெட்கமாக இருந்தது. "எங்கள் ஊர் வழக்கம்" என்று ஆரணியின் மேல் பழியைப் போட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

பாதிப் பொய். ஆரணியில் எங்கள் வீட்டில் கை கழுவியது கிருமிக்காக இல்லை, பட்டுக்காக. கூடத்தில் தறி. தறிப் பக்கம் போகிற பிள்ளை சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் போக வேண்டும். எனக்கு ஆறு வயதிருக்கும்போது பஜ்ஜி தின்ற கையோடு போய்த் தறியிலிருந்த சந்தன நிறப் புடவையைத் தொட்டுவிட்டேன். மூன்று விரல் தடம் எண்ணெயாக இறங்கிவிட்டது. அப்பா தடத்தைப் பார்த்தார். என் கையைப் பிடித்துப் பார்த்தார், புரட்டிப் பார்த்தார், விட்டுவிட்டார். அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு அடி வைத்திருந்தால் அழுது தீர்த்திருப்பேன். மறுநாளிலிருந்து அவர் கேட்காமலே இரண்டு கையையும் நீட்டிக் காட்டிவிட்டுத்தான் கூடத்துக்குள் கால் வைத்தேன். அவரும் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலுக்காகவே ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழுவினேனோ.

இப்போது நார்வே வீட்டில் தறியும் இல்லை, பட்டும் இல்லை. கறைபடியக்கூடியது என்று ஒரு சோபா இருக்கிறது, அதுவும் பழசு. ஆனாலும் என் வாய் மட்டும் "காட்டு" என்கிறது. இனியாவின் விரலிடுக்கில் தோல் வெடித்திருக்கிறது. குளிர் நாட்டுத் தோல் என்று கணவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒரு மாத லீவில் மகளோடு ஆரணிக்கு வந்து, அக்கா வீட்டில் தங்கியிருக்கிறேன். கணவர் அங்கேதான், வேலை. ஆரணிப் புழுதியில் நான்கு நாள் விளையாடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். மதியத்தில் அக்காவின் தறி ஓடும். அடுத்த தெருவில் பவர்லூம் ஓடும். இரண்டு சத்தமும் கலந்து வரும்போது பாயில் படுத்துக் கண்ணை மூடினால், ஓட்டின் மேல் நார்வே மழை விழுகிற மாதிரி இருக்கும். ஜன்னல் பக்கம் ஈர மழைக்கோட்டு தொங்குகிறதா என்று அரைத் தூக்கத்தில் தலையைத் தூக்கிப் பார்ப்பேன். கொடியில் அக்காவின் புடவைதான் ஆடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே மறுபடி தூங்கிவிடுவேன்.

ஆனால் போட்ட கணக்கு பலிக்கவில்லை. முதல் நாளே அக்கா, "வாம்மா, பெரியம்மா தறியத் தொட்டுப் பாரு" என்று கூப்பிட்டாள். இனியா ஓடிப்போய்க் குழாயில் கை கழுவினாள். வாசற்படி வரை வந்தாள், கையைப் பார்த்தாள், திரும்பக் குழாய்க்கே போனாள். ஐந்து தடவை.

"இன்னாடி இது? கொழந்த தண்ணியிலயே நின்னுகினு இருக்குது?"

"சுத்தமா இருக்கணும்னு பழக்கியிருக்கேன்க்கா."

"சுத்தமா? பயந்துகினு இருக்குதுடி அது."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. மகள் எதையுமே தொடாமல் வளர்ந்துவிடுவாளோ, அந்தப் பயத்தை அவள் கையில் தடவிவிட்டவள் நான்தானோ என்றே நினைப்பு ஓடியது.

நேற்று விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டினார்கள். பாவு என்பது புடவையின் நீள நூல். வாசலிலிருந்து நாலைந்து வீடு தள்ளி வரைக்கும் அதை இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தெளித்து, கையால் நீவிக் காயவிடுவார்கள். லேசான பனி. மயில்கழுத்து நிறத்தில் ஆயிரக்கணக்கான இழைகள் தெருவின் நடுவே மிதந்துகொண்டிருந்தன. ஆட்கள் இருபுறமும் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தார்கள். நான் இன்னும் எழுந்திருக்கவில்லையோ என்று நினைத்தேன். இத்தனை வருடம் பட்டு என்றால் கழுவிய கை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அதே பட்டைத் தெருவில் போட்டு, புளித்த வாசனை அடிக்கிற கஞ்சியை அள்ளிப் பூசுவதையும் சின்ன வயதில் பார்த்தவள்தான் நான். எப்படி மறந்தேனோ தெரியவில்லை.

இனியா அக்காவிடம் போய் இரண்டு கையையும் நீட்டினாள், புரட்டிக் காட்டினாள். அக்காவின் கை இரண்டும் கஞ்சியில் இருந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"காட்டிகினு நிக்காதம்மா. ஆள் கொறையுது, வெயில் வந்துடும். ஜல்தி இந்த ஓரத்த நீவு."

இனியா நின்றாள். யாரும் அவள் கையைப் பார்க்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன். மெல்ல ஒரு விரலைக் கஞ்சிப் பாத்திரத்தில் விட்டாள். பிறகு கை. பிறகு முழங்கை வரைக்கும். அக்கா மாதிரியே இழையின் ஓரத்தை நீவிக்கொண்டு நாலடி நடந்தாள், திரும்பி வந்தாள், மறுபடி அள்ளினாள். சட்டையெல்லாம் வழிந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்புறம் என் ஞாபகம் வந்ததோ என்னவோ, சட்டென்று நின்றாள். வழிகிற கையோடு என் முன்னால் வந்து, முகம் சுருங்கி, நீட்டினாள். புரட்டிக் காட்டினாள். நான் அந்தக் கையைப் பிடித்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "பரவால்ல கண்ணு" என்றேன்.

அவள் விழித்தாள். "பரவால்லன்னா என்னம்மா?"

கழுவு தெரியும். தொடாதே தெரியும். காட்டு தெரியும். நான்கு வருடம் தமிழிலேயே வளர்த்த என் மகளுக்கு இந்த ஒரு வார்த்தை தெரியவில்லை. பாவைப் பிடித்தபடியே அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பார்னஹாகேயில் யார் பால் கொட்டினாலும், யார் சேற்றில் விழுந்தாலும் டீச்சர் அந்த ஊர் மொழியில் சொல்லுவது ஒன்று உண்டு: "டெ கோர் ப்ரா." வேறு வழியில்லாமல் என் சொந்த ஊர்த் தெருவில், என் அக்காவின் முன்னால், அதைச் சொல்லித்தான் என் மகளுக்கு அர்த்தம் விளங்கவைத்தேன். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பாவுக்கு ஓடினாள்.