பட்டியலில் ஏழாவது பெயர்

வசந்தாமணிக்கு நாற்பத்தோரு வயது. ஜேடர்பாளையம் போகும் சாலையில் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை எடுக்கிறாள். கணவன் சின்னுசாமி, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் டிரைவர். இப்போது மத்தியப் பிரதேசத்தில் எங்கோ இருக்கிறான். ஒரே மகள் மதுமதி.

மூன்று வருடங்களுக்கு முன் அரசு மேல்நிலைப் பள்ளியில் மேலாண்மைக் குழுவுக்குப் பெற்றோரைத் தேர்ந்தெடுத்தார்கள். வந்திருந்த அம்மாக்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். வசந்தாமணி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் உறுப்பினர் ஆகிவிட்டாள். கேட்பவர்களிடம் இப்படித்தான் சொல்வாள்.

ஆண்டுதோறும் ஜூன் மாதம் தலைமை ஆசிரியர் சென்னியப்பன் அவளிடம் ஒரு தாள் கொடுப்பார். பன்னிரண்டாம் வகுப்பு தேறியும் எந்தக் கல்லூரிக்கும் விண்ணப்பிக்காதவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். அந்த வீடுகளுக்குப் போய் ஏன் என்று கேட்பது அவள் வேலை. போனதும் குடிக்கத் தண்ணீர் கேட்பாள். தண்ணீர் கொடுத்தவர்கள் உடனே போகச் சொல்ல மாட்டார்கள். பையன் ரிக் வண்டிக்குப் போகிறான், பஸ் ஊருக்குள் வராது, சாதிச் சான்றிதழ் கிடைக்கவில்லை, தாய்மாமன் வேண்டாம் என்கிறார். ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று சொல்வார்கள். சான்றிதழுக்காக தாலுகா ஆபீசில் இரண்டு நாள் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு தாய்மாமனை அவர் வேலை செய்யும் லாரிப் பட்டறைக்கே போய்ப் பார்த்துப் பேசியிருக்கிறாள். இதுவரை பத்தொன்பது பேர் கல்லூரிக்குப் போயிருக்கிறார்கள். அந்தக் கணக்கும் சென்னியப்பன் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

பட்டியல் ஆங்கிலத்தில் இருக்கும். வசந்தாமணி எட்டாவதோடு நின்றவள். ஆங்கில எழுத்துகள் தனித்தனியாகத் தெரியும், சேர்த்துப் படிக்க வராது. சாயங்காலம் மதுமதி வாசிப்பாள், இவள் மனதில் வாங்கிக்கொள்வாள்.

இந்த வருடம் மதுமதியே பன்னிரண்டாவது முடித்திருந்தாள். நல்ல மார்க். அப்ளிகேஷன் போட்டாயிற்று, போனில் மெசேஜ் வரும் என்று மே மாதமே சொல்லிவிட்டாள். வசந்தாமணி மற்றப் பிள்ளைகளைப் பார்க்கப் போனாள். மதுமதி வாசித்தது பத்துப் பெயர்கள். பத்து வீட்டுக்கும் போய் வந்தாள். போய் வந்த கதையைச் சாப்பிடும்போது மகளிடம் சொல்வாள். அதிகம் சிரித்தது கோகுல்ராஜைப் பற்றி. கல்லூரியில் எல்லாம் இங்கிலீஷில் நடத்துவார்கள், தமிழில் படித்த தன்னால் முடியாது என்று அவன் சொல்லியிருந்தான்.

"ஆறடி வளந்துட்டான். ஏ பி சி டிக்குப் பயந்துக்கிட்டு கோழித்தீவனம் அள்ளப் போறானாம். அதுக்கு ஒரு மீசை வேற."

மதுமதி எழுந்து தட்டைக் கழுவப் போனாள்.

புதன்கிழமை சென்னியப்பன் போன் செய்தார். காலி இடங்களுக்கு நேரடிச் சேர்க்கை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது, பதினொரு பேரையும் பார்த்தாயிற்றா என்று கேட்டார். பத்துப் பேர்தானே என்றாள் வசந்தாமணி.  அவர், தாளை இன்னொரு தடவை பாருங்கம்மா என்று மட்டும் சொன்னார்.

தாளை விரித்து வரிகளை விரலால் எண்ணினாள். பதினொன்று. கீழிருந்து மேலே எண்ணினாலும் பதினொன்று.

பண்ணையில் அடுத்த கொட்டகையில் கோகுல்ராஜ் தீவன மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். வேலைக்குச் சேர்ந்து நான்கு நாள் ஆகியிருந்தது. தாளை அவனிடம் நீட்டினாள். ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டே வந்தவன் ஏழாவதில் நின்றான்.

"அக்கா, இது நம்ம மதுமதிங்க."

வீட்டுக்கு வந்தபோது மதுமதி துணி மடித்துக்கொண்டிருந்தாள். வசந்தாமணி தாளைப் பாயின் மேல் வைத்தாள். வைத்ததுமே மதுமதிக்குப் புரிந்துவிட்டது.

"ஏன் கண்ணு எங்கிட்டச் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? கோகுல் சொன்னதத்தான நானும் சொல்லோணும்? நீ சிரிச்சியே."

பிஸிக்ஸ் படிக்க ஆசை என்றாள். பாடமெல்லாம் தமிழில் படித்தவள். எதிர்வீட்டுத் தீபிகா அக்கா கோயம்புத்தூரில் தனியார் கல்லூரியில் சேர்ந்து, இங்கிலீஷ் புரியாமல் மூன்றே மாதத்தில் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறாள். விண்ணப்பப் பக்கத்தைப் போனில் இரண்டு முறை திறந்து மூடியிருக்கிறாள்.

 பஸ்ஸுக்கும் சான்றிதழுக்கும் மாமனுக்கும் வசந்தாமணியிடம் வழி இருந்தது. இதற்கு யாரைப் போய்ப் பார்ப்பது என்று தெரியவில்லை.

விடிந்ததும் கோகுல்ராஜ் வீட்டுக்குப் போனாள். அவன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"நான் உன்னையப் பத்தி ஊட்டுல சிரிச்சுட்டேன் சாமி. தப்புத்தான்."

"நேருலயேதானுங்க சிரிச்சீங்க," என்றான் அவன். "இப்ப என்னங்க?"

"நாமக்கல் காலேஜுக்குப் போலாம். மதுமதியும் வாரா. சேரோணும்னு இல்ல. போய்க் காதால கேட்டுட்டு வரலாம்."

அவன் வாயைக் கொப்பளித்தான். பண்ணை மேஸ்திரியிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றான்.

அரசுக் கல்லூரியில் அன்று கூட்டம் இருந்தது. வசந்தாமணி விண்ணப்பம் கொடுக்கும் இடத்துக்குப் போகவில்லை. இரண்டாம் வருட பிஸிக்ஸ் வகுப்பு எங்கே நடக்கிறது என்று வாட்ச்மேனிடம் கேட்டாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கை காட்டினார். மூவரும் வராந்தாவில், ஜன்னலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

உள்ளே ஒரு பேராசிரியை பாடம் நடத்திக்கொண்டிருந்தார். கரும்பலகையில் இருந்தது முழுக்க இங்கிலீஷ். வாயில் வந்தது வேறு.

"சுச்சைத் தட்டுன உடனே லைட் எரியுது. ஆனா கம்பிக்குள்ள எலெக்ட்ரான் எறும்பாட்டம்தான் நகருது. அப்பறம் எப்படி எரியுது? சொல்லுங்க."

"முன்னாடியே கம்பி பூராவும் எலெக்ட்ரான் நிக்குதுங்க மேடம்," என்றது ஒரு பெண் குரல். "இந்தப் பக்கம் தள்ளுனா அந்தப் பக்கமும் நகருமுங்க."

கோகுல்ராஜ் மதுமதியைப் பார்த்தான். மதுமதி அவனைப் பார்க்கவில்லை. உதடு அசைந்துகொண்டிருந்தது. கேட்டதைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்து வெளியே வந்த பேராசிரியையிடம் மதுமதியே போய்ப் பேசினாள். தமிழ் வழியிலும் பிஸிக்ஸ் இருக்கிறது, பரீட்சையைத் தமிழில் எழுதலாம், புத்தகத்தில் இருக்கும் இங்கிலீஷ் ஒரு வருடத்தில் பழகிவிடும் என்று அவர் சொன்னார். முதல் வருடம் கொஞ்சம் அழுகை வரும் என்றும் சொன்னார்.

இருவரும் விண்ணப்பம் கொடுத்தார்கள். கோகுல்ராஜுக்கு வணிகவியலில் அங்கேயே இடம் கிடைத்தது. பிஸிக்ஸில் இரண்டு இடம்தான் பாக்கி. காத்திருப்பவர்கள் மதுமதியோடு சேர்த்து ஐந்து பேர். மார்க் பார்த்து மூன்று மணிக்குக் கூப்பிடுவோம் என்றார்கள். வசந்தாமணி மேஸ்திரிக்குப் போன் செய்து, மத்தியானமும் வர முடியாது என்றாள். அவர் திட்டுவதை முழுக்கக் கேட்டுவிட்டு வைத்தாள்.

திரும்பிப் பார்த்தபோது மதுமதி பக்கத்தில் இல்லை. அடுத்த வகுப்பு தொடங்கியிருந்தது. இந்த முறை அவள் தள்ளி நிற்கவில்லை, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நகரவில்லை.