அன்பார்ந்த பொதுமக்களே, தெரு அகலமாகப் போகிறது

மைக்கில் அறிவிப்பு செய்து பிழைக்கிறவனுக்குத் தொண்டை இருந்தால் போதும், கருத்து இருக்கக் கூடாது. தென்காசியில் ஆட்டோ மேல் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு அப்படித்தான் இத்தனை காலத்தைத் தள்ளிவிட்டேன். துக்கச் செய்தி, ஆடித் தள்ளுபடி, கோவில் கொடை, சர்ச் அசன விருந்து, காணாமல் போன பசுமாடு என்று எதுவானாலும் ஊர் கேட்டது என் குரலாகத்தான் இருக்கும். யாருக்காகவாவது நாள் பூராவும் கத்திவிட்டு, வீட்டுக்கு வந்து சைகையில் சாப்பாடு கேட்கிறவர்களுக்கு என் பாடு புரியும்.

இப்போது ஊரில் இரண்டு வேலை நடக்கப்போகிறது. பஜார் தெருவில் கடைகளுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற படி, தகரச் சாய்ப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நடைபாதை போட்டு, விளக்கு வைத்து அழகுபடுத்துவது ஒன்று. குற்றாலம் போகிற வழியில் பெரிய பூங்கா கட்டுவது இன்னொன்று. வேண்டும் என்று பாதி ஊர், வேண்டாம் என்று பாதி ஊர், இரண்டு பாதிக்கும் மைக் நான்தான்.

இதில் எனக்கென்று ஒரு வயிற்றெரிச்சல் இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரி செண்பகம் அந்தத் தெருவில் ஒரு ஜவுளிக்கடையின் மாடிப்படிக்கு அடியில் தையல் கடை வைத்திருக்கிறாள். ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், தொங்கவிட்ட ஜாக்கெட்டுகள், அவ்வளவுதான் இடம். மற்ற கடைகளுக்கெல்லாம் முன்பக்கம் கொஞ்சம் போகும். மாடிப்படியே தெருவில்தான் நிற்கிறது என்பதால் அவளுக்குக் கடை மொத்தமும் போகும்.

யார் வீட்டுத் துக்கம்

முதல் அறிவிப்பு, கல்யாண மண்டபத்தில் நகராட்சி நடத்தப்போகிற கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு. எங்கள் பக்கத்தில் மைக் ஆட்டோ மெதுவாக ஊர்ந்து வந்தால், யாரோ தவறிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைப்பார்கள். டீக்கடையில் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பார்கள். நானும் பாதி நாள் துக்கச் செய்தி வாசிக்கிறவன். "அன்பார்ந்த பொதுமக்களே" என்று ஆரம்பித்ததுமே குரல் தன்னால் இறங்கிவிடும், என்ன செய்தாலும் ஏறாது.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பெரியவர் தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு முழுசாகக் கேட்டார். நகர மேம்பாடு, பூங்கா, நடைபாதை எல்லாம் கேட்டுவிட்டு, செத்தது யார் என்று கடைசிவரை தெரியாமல் ஆட்டோ பக்கத்தில் வந்தார். யாரும் சாகவில்லை, கூட்டத்துக்குத்தான் கூப்பிடுகிறோம் என்றேன். துண்டைத் திரும்பக் கட்டிக்கொண்டே சொன்னார்:

"நல்ல காரியத்தையும் எழவு சொல்லுத மாதிரியே சொல்லுதீரே அண்ணாச்சி. பார்க்குல்லா வருது, கொஞ்சம் சிரிச்சமேனிக்குச் சொன்னா என்ன?"

ஒரே சுற்றில் இரண்டு கட்சி

வியாபாரிகள் கடையடைப்பு அறிவித்தார்கள். பூங்கா வந்தால் சீசனுக்கு வருகிற கூட்டம் நேரே அங்கே இறங்கி, அங்கேயே தின்று, அங்கேயே வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடும், பஜாரில் ஈ ஓட்ட வேண்டியதுதான் என்பது அவர்கள் பயம். பயத்தில் தப்பே இல்லை. அதே நாளில் பூங்கா வேண்டும் என்கிறவர்களும் கூட்டம் போட்டார்கள். பிள்ளைகள் ஓடி விளையாட ஒரு இடம் இருக்கிறதா இந்த ஊரில் என்பது அவர்கள் கேள்வி. அதிலும் தப்பில்லை. இரண்டு பேருக்கும் உருக்கமாகப் பதிவு செய்து கொடுத்தேன்.

எனக்கு ஆட்டோ ஓட்டுகிற இசக்கி டீசலை மிச்சம் பிடிக்கிறவன். இரண்டு பேரும் ஒரே நேரம், ஒரே தெருக்கள் கேட்டிருக்கிறார்கள், எதற்கு இரண்டு சுற்று என்று ஒரே பென்டிரைவில் இரண்டையும் அடுத்தடுத்து போட்டுவிட்டான். "நம் வயிற்றில் அடிக்கும் பூங்காவை எதிர்ப்போம்" என்று முடிந்த கையோடு, "நம் பிள்ளைகள் சிரிக்கப் பூங்காவை வரவேற்போம்" என்று அதே குரல். சுரண்டை ரோட்டு முக்கில் வியாபாரிகள் சங்கச் செயலாளர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினார். இரும்புக்கடைக்காரர், அதிர்ந்து பேசாதவர். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"எங்களுக்குப் பேசும்போதும் தொண்டை கம்முது, அவனுவளுக்குப் பேசும்போதும் தொண்டை கம்முது. ஏதாவது ஒரு பக்கமாவது கம்மாமப் பேசும்வே."

எது நல்லது

அன்றைக்கு மனசு விட்டுப்போய் இசக்கியிடம் கேட்டேன், ஏலே, இதில் யார் ஜெயித்தால் நமக்கு நல்லது என்று. அவன் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"யாரும் ஜெயிக்கக் கூடாதுண்ணே. இப்படியே இழுத்துக்கிட்டுக் கெடந்தாத்தான் நமக்கு வண்டி ஓடும்."

எண்ணெய்க்காரரின் கவலை

குற்றாலத்தில் சாரல் நேரத்தில் மைக் பிடிப்பது ஒரு தண்டனை. ஸ்பீக்கருக்குள் தண்ணீர் இறங்கி, பேசுவது யாருக்கும் விளங்காது. மழைக்கு ஒதுங்கி நின்ற இடத்தில் ஒருவர் பலகையில் ஆளைக் குப்புறப் படுக்கப்போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். பூங்காவில் அருவி உண்டாமே, நிஜமா என்று என்னைக் கேட்டார். மோட்டார் வைத்துத் தண்ணீர் ஏற்றி, மேலிருந்து கொட்டவிடுவார்களாம் என்றேன். கையை நிறுத்தாமல் தலையை மட்டும் மலைப்பக்கம் திருப்பி ஒரு பார்வை பார்த்தார்.

கீழே படுத்திருந்த மதுரைக்காரர் எண்ணெய் வழிய முகத்தைத் தூக்கி, "வரட்டும்யா, இங்க தண்ணி இல்லாத மாசத்துல அங்க குளிச்சுட்டுப் போவோம்ல" என்றார். அவருக்கு அது நியாயம்தான், அவ்வளவு தூரம் பஸ் பிடித்து வந்துவிட்டுக் காய்ந்த பாறையைப் பார்த்துவிட்டா போவார். எண்ணெய்க்காரர் அவர் தலையைத் திரும்பப் பலகையில் அமுக்கி வைத்தார். கோபமாக இல்லை, வேலை முடியவில்லை என்பதற்காக. பிறகு என்னிடம் சொன்னார்:

"அருவியில எண்ணெய் கூடாதும்பாவ, ஆனா அந்தக் கூட்டத்துல எண்ணெயோட போனா யாரும் கேக்க மாட்டாவ. அது மோட்டார் தண்ணில்லா, எண்ணெய் தேய்ச்சவன் உள்ள வரப்படாதுன்னு மொத நாளே கேட்டுல நிறுத்திருவாவ. அப்போ நான் எங்கன போவேன்?"

படத்தில் இருந்த ஆட்கள்

கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. மண்டபத்துக்கும் நான்தான் மைக். எங்கள் ஊரில் பொன்னாடை போர்த்தாமல் ஒரு கூட்டமும் தொடங்காது. வந்த அதிகாரிக்கு வியாபாரிகள் போர்த்தினார்கள். உடனே பூங்காக்காரர்களும் போர்த்தினார்கள். அப்புறம் ஒருத்தருக்கொருத்தர் போர்த்திக்கொண்டார்கள். கருத்து கேட்க ஆரம்பிக்கையில் பாதிப் பேருக்குப் பசி வந்துவிட்டது, பின்வரிசை காலி.

சென்னையிலிருந்து வந்த என்ஜினீயர் பையன் திரையில் படம் காட்டினான். எங்கள் பஜார் தெருதானாம். தரை வழுவழுவென்று இருக்கிறது, பூச்சட்டி தொங்குகிறது, ஒரு பெண் நாய்க்குட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், இரண்டு பேர் கையில் காகிதக் கப்போடு சிரிக்கிறார்கள். தள்ளுவண்டி இல்லை, பூக்கூடை இல்லை, யார் கையிலும் ஒரு கட்டைப்பை இல்லை. நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கோவில் வாசலில் பூக்கட்டுகிற அம்மா ஒருத்தி எழுந்து மைக் கேட்டாள். கொடுத்தேன். அதை வாய்க்கு நேரே பிடிக்கத் தெரியாமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டு கேட்டாள்:

"படத்துல நடக்குதவுகள்ல ஒரு ஆளக்கூட எனக்குத் தெரியலையே சார். எங்களையெல்லாம் இதுல எங்கன ஒக்கார வச்சிருக்கிய?"

அளவு ஜாக்கெட்

ஸ்டெல்லா டீச்சர் வீரகேரளம்புதூரிலிருந்து பஸ்ஸில் வந்து இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவர். நடைபாதை வேண்டும் என்று தன் குரலிலேயே பேசிப் பதிவு செய்ய எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் அம்மாவுக்குக் கண் பார்வை குறைவு. பஜாரில் கடைப்படிகள் வழியை அடைத்துக்கொள்வதால் அம்மாவை ரோட்டில் இறக்கித்தான் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது, ஒரு முறை பஸ் சேலையை உரசிக்கொண்டு போயிருக்கிறது. எழுதி வந்ததை வாசிக்கையில் அந்த இடத்தில் டீச்சர் காகிதத்தை மடித்து, மறுபடி பிரித்து வாசித்தார். நியாயம் முழுக்க அவர் பக்கம் என்று தோன்றியது. செண்பகம் உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்தாள், அவளுக்கும் கேட்டிருக்கும்.

காபி குடித்து முடிக்கும்வரை டீச்சர் தரையையே பார்த்தார். அவருக்கு ஜாக்கெட் தைப்பது செண்பகம்தான், அந்தப் படிக்குக் கீழே உட்கார்ந்துதான். வாசல்வரை போய்ச் செருப்பை மாட்டிவிட்டுத் திரும்பி நின்று என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்:

"அக்காட்ட நான் எப்படிச் சொல்லுததுன்னு தெரியல சார். எங்க போனாலும் என் அளவு ஜாக்கெட்ட மட்டும் பத்திரமா எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க, வேற யாரும் எனக்குச் சரியாத் தைக்க மாட்டாவ."

தாழ்மையுடன்

கடைசியில் பூங்கா பேச்சு இழுத்துக்கொண்டே கிடக்க, பஜார் தெரு விஷயம் மட்டும் முடிவாகிவிட்டது. முன்பக்கத்தை அவரவரே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் நகராட்சி ஆட்கள் வந்து எடுப்பார்கள் என்று அறிவிக்க என்னைக் கூப்பிட்டார்கள். எழுதிக் கொடுத்ததில் 'ஆக்கிரமிப்பாளர்கள்' என்று இருந்தது. வீட்டுக்கு வந்து இந்த வேலை எனக்கு வேண்டாம் என்றேன். செண்பகம் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். "நீங்க சொல்லலைன்னா வேற எவனாவது வந்து சொல்லத்தான் போறான். போற சேதிய நீங்களே தெளிவாச் சொல்லுங்க" என்றாள். ஆனாலும் அவளுக்குக் கேட்கிற மாதிரி வீட்டில் வைத்துப் பதிவு செய்ய எனக்கு மனசு வரவில்லை. ஆட்டோவிலிருந்தே நேரடியாக வாசிப்பது என்று வைத்துக்கொண்டேன். 'ஆக்கிரமிப்பாளர்கள்' என்பதை அடித்துவிட்டு 'அன்பார்ந்த வணிகப் பெருமக்கள்' என்று போட்டேன். நகராட்சி ஆபீஸ்காரர் ஒருவர் இசக்கி பக்கத்தில் உட்கார்ந்து வந்தார், அதை அவர் கண்டுகொள்ளவில்லை.

செண்பகம் கடையைச் சட்டென்று தாண்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். சரியாக அந்த இடத்தில் வாழைத்தார் லாரி ஒன்று குறுக்கே நின்று இறக்கிக்கொண்டிருந்தது, ஆட்டோ நகரவில்லை. பாதியில் நிறுத்தினால் ஆபீஸ்காரர் திரும்பிப் பார்க்கிறார். அவள் கடைக்கு நேரே நின்றுகொண்டு, "தங்கள் கடைகளின் முன்பகுதியைத் தாங்களே முன்வந்து அகற்றி ஒத்துழைப்பு நல்குமாறு தங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று வாசித்து முடித்தேன். செண்பகம் மெஷினை நிறுத்திவிட்டு, கழுத்தில் டேப்போடு வெளியே வந்து நின்று, கடைசி வார்த்தைவரை கேட்டாள். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டேன். அவள்தான் பேசினாள்:

"ஒங்களக் கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து எங்கிட்ட ஒரு தடவையாவது 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்'னு பேசியிருக்கியளா? என்னய எந்திரிச்சுப் போகச் சொல்லுததுக்குத்தான் ஒங்களுக்கு இம்புட்டு மரியாதை வருது."

தெரு அகலமாகிவிட்டது, ஸ்டெல்லா டீச்சரின் அம்மா பஸ் உரசாமல் ஜவுளிக்கடைக்குப் போய் வருகிறார், எங்கள் வீட்டு முன்னறையில்தான் தையல் மெஷினைச் சுற்றி நடக்க வழியில்லாமல் நான் பக்கவாட்டில் நடந்துகொண்டிருக்கிறேன்.