கழுத்தில் விழுந்த ஐயாயிரம்

தேவசகாயம் திண்டிவனம் கடைத்தெருவுக்கு ஐயாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். கேட்டு வாங்கிய கடன் இல்லை. கல்லூரிக் கால்பந்து அணிக்குப் புதிய பயிற்சியாளராக வந்த அன்று, மைதானத்து வாசலிலேயே கழுத்தில் விழுந்த கடன். எல்லாம் ஐம்பது ரூபாய்த் தாள்கள். பச்சை நூலில் கோத்து, கீழே குஞ்சலம் வைத்த பணமாலை. போட்டவர் கெங்கம்மாள்.

"இந்த வருசம் விழுப்புரத்த தோக்கடிக்கிறீங்க. அதுக்கு அட்வான்சு இது" என்று சொல்லி, கோணலாகக் கிடந்த மாலையை அவரே நேராக்கியும் விட்டார்.

ஜெயித்த பிறகு பணமாலை போடுவதுதான் ஊர் வழக்கம். வந்த அன்றே போட்டுவிடுவது என்பது கெங்கம்மாளின் யோசனை. அவர் செய்யும் பந்தல் தொழிலில் முன்பணம் வாங்காமல் எவன் மூங்கில் நடுவான்? அதே கணக்கைக் கால்பந்துக்கும் போட்டார்.

தேவசகாயம் ஒல்லியான மனிதர். நாற்பது வயதிருக்கும். சொந்த ஊர் வளவனூர். மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "தோத்துட்டா?" என்று கேட்டார். குரல் பக்கத்தில் நின்றவர்களுக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

"தோக்குறதுக்கா உங்கள இட்டாந்தாங்க?"

"இல்லம்மா, கேட்டு வச்சிக்கிறேன். தோத்தா இது கடன்தான?"

கெங்கம்மாள் மாலையின் குஞ்சலத்தை மட்டும் ஒருமுறை சரிசெய்துவிட்டு நகர்ந்தார்.

கெங்கம்மாள் யார் என்று திண்டிவனத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். பிரம்மதேசத்தில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு படிப்பை முடித்து, அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்குக் களை எடுத்தவர். வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்ததும் ஒரு பந்தல்காரரிடம் கூலிக்கு நாற்காலி தூக்கினார். அந்தப் பந்தல்காரர் வேண்டாம் என்று ஒதுக்கிய உடைந்த நாற்காலிகளைச் சல்லிசாக வாங்கி, கம்பி போட்டுத் தைத்து, தானே வாடகைக்கு விட்டார். இன்றைக்கு இந்த வட்டாரத்தில் கல்யாணமோ, காதுகுத்தோ, கட்சிக் கூட்டமோ, சாவோ, ஜனங்கள் உட்காருவது கெங்கம்மாள் நாற்காலியில்தான். "கலெக்டரே நம்ம சேர்லதான் உக்காந்தாரு. எந்திரிக்க மனசே வரல அவுருக்கு" என்பார். யாரும் மறுத்துப் பேசியதில்லை.

ஆனால் நாற்காலி அவருடைய சொத்து இல்லை. வாய்தான் சொத்து. தொழில் தொடங்கின புதிதில், பந்தலுக்கு ஒரு கட்டு கயிறு கடன் கேட்டு அந்தக் கடைத்தெருவில் ஏறி இறங்கினார். ஒரு கடையிலும் தரவில்லை. கூலிக்காரப் பெண்ணை நம்பி யார் தருவார்கள்? அதே தெருவில் இன்று அவர் போனில் சொன்னால் லாரி நிறைய மூங்கில் வந்து இறங்கும். கையெழுத்துக்கூடக் கேட்க மாட்டார்கள். சொன்ன தேதியில் சொன்னபடி கொடுத்துக் கொடுத்துச் சேர்த்த பேர் அது.

பணமாலைக்கு வசூலானதும் அந்தப் பேரில்தான். "புது கோச்சு ஜெயிப்பாரு. நான் சொல்றேன்" என்று கடை கடையாகச் சொல்லிக் கேட்டார். மண்டிக்காரர் சக்கரபாணி மட்டும் ஆயிரம் கொடுத்தார். கொடுக்கும்போதே நிபந்தனையும் போட்டார்.

"அந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாது, கெங்கம்மா. உன் வாய்க்குதான் குடுக்கிறேன். தோத்தா உன்னத்தான் கேப்பேன்."

"தாராளமா கேளு."

"எல்லாரும்தான் கேப்போம்."

"வரிசையில நில்லுங்க, குடுக்கிறேன்."

கெங்கம்மாளுக்குக் கால்பந்துப் பித்து பிடித்தது நாற்காலியால்தான். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு போட்டிக்கு நாற்காலி இறக்கிவிட்டுக் காவலுக்கு உட்கார்ந்தவர், இடைவேளைக்குள் நாற்காலி மேலேயே ஏறி நின்றுவிட்டார். அன்றிலிருந்து ஒரு ஆட்டம் விட்டதில்லை. ஆப்சைடு என்கிற சங்கதியை மட்டும் அவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. முன்னால் ஓடினவன் கெட்டிக்காரன்தானே, அவனை ஏன் நிறுத்த வேண்டும் என்பார்.

புதுப் பயிற்சியாளர் என்னதான் செய்கிறார் என்று பார்க்க, சாயங்காலமானால் மைதானத்துச் சுற்றுச்சுவரை ஒட்டி ஐம்பது பேராவது நின்றார்கள். முன்பு இருந்தவர் விசில் ஊதினால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். இவரிடம் விசிலே இல்லை. பையன்களை உட்கார வைத்து ஏதோ கேட்கிறார். அவர்கள் பதில் சொல்கிறார்கள். எழுந்து கொஞ்சம் விளையாடுகிறார்கள். மறுபடி உட்காருகிறார்கள்.

"கோச்சா, டியூசன் வாத்தியாரா?" என்றார் ஆட்டோ ஓட்டும் தமிழ்மணி.

"வாயையே தொறக்க மாட்றாருப்பா. நம்ம கெங்கக்காவ வுட்டா மூணு ஊருக்கு சேத்து கத்துவாங்க" என்றான் பக்கத்தில் நின்ற ஒருவன்.

"கத்துறதுக்கு தனி ரேட்டுடா" என்றார் கெங்கம்மாள். சிரித்தாரே தவிர, அவருக்கும் அதே கேள்விதான். இந்த மனிதர் அந்தப் பையன்களிடம் அப்படி என்ன கேட்கிறார்?

அடுத்த சனிக்கிழமை மைதானம் காலியாகக் கிடந்தது. தமிழ்மணிதான் சேதி கொண்டுவந்தார். அணி மொத்தமும் ரயிலேறி விழுப்புரம் போயிருக்கிறது. அங்கே எதிரிக் கல்லூரி மைதானத்தில் போய் உட்கார்ந்திருந்ததை அவருடைய மச்சான் கண்ணால் பார்த்திருக்கிறார்.

சக்கரபாணி மண்டியிலிருந்து இறங்கி நாற்காலிக் கடைக்கே வந்துவிட்டார். "வளவனூருன்னா என்னா? விழுப்புரத்துக்குப் பக்கம். நீ போட்ட மாலைய வாங்கிக்கினு அவன் ஊட்டுக்கே போயிட்டான் பாரு."

"எதுக்குப் போனாருன்னு தெரியுமா உனக்கு?"

"உனக்குத் தெரியுமா?"

தெரியாதுதான். ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர் கெங்கம்மாள். அடுத்த சனிக்கிழமை மதியமே கடையைப் பூட்டிவிட்டு விழுப்புரம் பஸ்ஸில் ஏறினார். எதற்கு என்று கேட்ட கண்டக்டரிடம், துக்கத்துக்குப் போகிறேன் என்றார்.

விழுப்புரம் கல்லூரி மைதானத்துப் படிக்கட்டில் நம் பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கீழே எதிரணி பயிற்சியில் இருந்தது. கெங்கம்மாள் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டு படி மேலே போய் உட்கார்ந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் எதிரணியின் எட்டாம் எண்காரன் மேல் இருந்தது. போன வருடம் நம் வலைக்குள் நாலு பந்து தள்ளியவன் அவன்தான்.

"பந்து இவன் கால்ல வர்றதுக்கு முன்னாடி என்னா செய்யிறான்?" என்று தேவசகாயம் கேட்டார்.

"நிக்கிறான் சார்."

"வேற?"

"கைய ஆட்டி கேக்குறான்."

"வேற?"

எல்லோரும் யோசித்தார்கள். கெங்கம்மாளால் சும்மா இருக்க முடியவில்லை. "மூக்க தொடைக்கிறான்" என்றார்.

பையன்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். தேவசகாயமும் சிரித்தார். "தொடைக்கிறான்தான். அப்ப தலை எந்தப் பக்கம் திரும்புது, அதையும் சொல்லுங்கம்மா."

கெங்கம்மாள் பார்த்தார். அடுத்த பந்து வந்தது. அவன் மூக்கைத் துடைத்தான். தலை இடது பக்கம் போனது. பந்தும் பிறகு அந்தப் பக்கமே போனது. அதற்கடுத்த பந்தும் அப்படியே. ஆட்டத்தை இத்தனை வருடம் பார்த்திருக்கிறார். ஆளைப் பார்த்ததில்லை. வெயில் இறங்கும் வரைக்கும் அந்த எட்டாம் எண்ணை விட்டு அவர் கண் நகரவில்லை.

திரும்பும்போது பையன்கள் எல்லோரும் டீயும் வடையும் சாப்பிட்டார்கள். தேவசகாயம் சட்டைப் பையிலிருந்து ஐம்பது ரூபாய்த் தாளாக எடுத்துக் கொடுத்தார். பச்சை நூல் ஒன்று அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மாலைய பிரிச்சிட்டீங்களா?"

"ரயிலுக்கும் டீக்கும் வேற காசு இல்லம்மா. இன்னும் மூணு சனிக்கிழமைக்கு வரும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீங்க கடைத்தெருவுல சொல்லுவீங்க. விழுப்புரத்துக்காரங்க காதுக்குப் போகும். அப்புறம் அந்த எட்டாம் நம்பர எங்க வச்சி ஆடுவாங்களோ."

உண்மைதான். கோபப்பட இடமில்லை. "ஜெயிச்சிடுவீங்களா?" என்று கேட்டார். ஊரே கேட்கும் கேள்வி அது.

"தெரியலம்மா. தோத்தா சம்பளத்துல கொஞ்சம் கொஞ்சமா குடுத்துடுறேன்."

அதன் பிறகு வந்த நாட்கள்தான் கெங்கம்மாளுக்குப் பேஜார். தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் இருப்பது அவர் உடம்புக்கு ஒத்துவராது. சக்கரபாணி தினமும் ஒருமுறை கடை வாசலில் நின்று, "உங்க கோச்சு விழுப்புரத்துல ஊடு பாத்துட்டாராமே?" என்று கேட்டுவிட்டுப் போவார். "ரயில்ல காத்து நல்லா வருதாம்" என்று மட்டும் கெங்கம்மாள் பதில் சொல்வார். வாயைத் திறந்தால் அணி கெட்டது. திறக்காவிட்டால் தன் பேர் கெட்டது. கெங்கம்மாள் வாயை மூடிக்கொண்டார்.

போட்டியன்று திண்டிவனம் மைதானத்தில் நிற்க இடமில்லை. எட்டாம் எண்காரனுக்குப் பந்து வந்தபோதெல்லாம், அவன் திரும்பும் பக்கத்தில் நம் பையன் ஒருவன் முன்கூட்டியே நின்றான். எட்டாம் எண்காரன் தன் அணிக்காரர்களைத் திட்ட ஆரம்பித்தான். இடைவேளைக்குப் பிறகு நம் பையன்கள் ஒரு கோல் போட்டார்கள். கத்திய கத்தலில் கெங்கம்மாளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பிறகு விழுப்புரம், எட்டாம் எண்காரனை விட்டுவிட்டு, வேறொருவன் காலில் சமன் செய்தது. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் அவர்களுக்கு ஒரு மூலை உதை. ஒரு தலை முட்டல். இரண்டுக்கு ஒன்று. தோல்விதான்.

பொழுது சாய, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த இடத்துக்குத் தேவசகாயம் வந்தார். கையில் கொஞ்சம் பணம் இருந்தது.

"இப்ப இவ்ளோதான்மா இருக்குது. மிச்சம் சம்பளம் வந்ததும் தந்துடுறேன்."

"உள்ள வையி தம்பி. அந்த தலையில முட்டுனவன எவனாவது பாத்து வச்சானா?"

"இல்ல. எட்டாம் நம்பரயே பாத்துட்டோம். என் தப்பு."

"அடுத்த வருசத்துக்குள்ள எத்தினி சனிக்கிழம இருக்குது?"

அவர் பதில் சொல்வதற்குள் சக்கரபாணி வந்துவிட்டார். பின்னால் கடைக்காரர்கள் நாலைந்து பேர். சக்கரபாணி சுற்றி வளைக்கவில்லை. தேவசகாயத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கெங்கம்மாள் முன்னால் வலது கையை விரித்தார்.

"சொன்ன வார்த்த, கெங்கம்மா."

"இந்த சார் கிட்ட கேக்காம எங்கிட்ட கேட்ட பாரு, அதுவரைக்கும் சந்தோசம்" என்றார் கெங்கம்மாள். கட்டிய தொண்டையில் குரல் கரகரத்தது. "எல்லாரும் வாங்கிக்கினு போங்க. குடுத்து முடிச்சப்புறம் அந்த மாலை பூரா என்னுது. அது ரயிலுக்குப் போச்சா, வடைக்குப் போச்சான்னு ஒருத்தரும் கேக்கக் கூடாது. இவுரு யாருக்காவது கணக்கு சொல்லணும்னா எனக்கு சொல்லுவாரு."

"நீ ஏன் கைக்காச போடுற? அவருதான..."

"கைய ஆட்டாத. எண்ண வேணாமா?"

இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தார். அன்றைய நாற்காலி வாடகை அதில் இருந்தது. எல்லாம் நூறு ரூபாய்த் தாள்கள். ஒவ்வொன்றாக எடுத்து, கசங்கலை நீவி, சத்தமாக எண்ணி, சக்கரபாணியின் விரிந்த கையில் வைத்தார். ஒன்பதாவது வரும்போது சக்கரபாணி போதும் என்பது போலக் கையை லேசாக மடக்கப் பார்த்தார். கெங்கம்மாள் அந்த விரல்களை நிமிர்த்தி, பத்தாவதையும் வைத்தார்.