கலெக்டரம்மாவின் குட்டிகளுக்கு நான் போட்ட சாம்பிராணி

சாம்பிராணிப் புகையோடு உப்புக் காற்று கலந்தால் தொண்டையில் ஒரு கரிப்பு நிற்கும். எங்காவது அந்த வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்கு மரக்காணம்தான்... 2005தான்... அந்த மூன்று பூனைக்குட்டிகள்தான்.

கிளியனூரிலிருந்து கல்யாணமாகி வந்த புதிது. வீட்டுக்காரர் உப்பளம் குத்தகைக்கு எடுத்திருந்தார். விடியும் முன்னே பாத்திக்குப் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் முகம் காட்டுவார். வீடு அளத்து ஓரத்தில் தனியாக இருந்தது. நானோ வாய் ஓயாதவள். பேச ஆள் இல்லாமல் பைத்தியம் பிடிக்காத குறை.

அப்போது வந்து சேர்ந்தவள்தான் கலெக்டரம்மா. சாம்பல் நிறப் பூனை. வாசற்படியில் உட்கார்ந்து, மனு வாங்குகிற மாதிரி பார்ப்பாள். அதனால் அந்தப் பெயர்.

நான் அவளைப் படுத்திய பாடு இருக்கிறதே! தூங்கினால் எழுப்பிக் கொஞ்சுவேன். வயிற்றோடு அள்ளித் தூக்கி மூக்கோடு மூக்கு உரசுவேன். கழுத்தில் சலங்கை கட்டிவிட்டேன். அந்தச் சத்தத்தில் ஒரு எலிகூட அகப்படாமல் முழித்தாள். வெள்ளிக்கிழமை நான் தலைக்குக் குளித்த கையோடு அவளுக்கும் ஒரு ஷாம்பு பாக்கெட். என் கையெல்லாம் கீறல்.

"எவ்ளோ ஆசையா வளக்குறேன், நன்றி கெட்டது!" என்று அவளையே திட்டுவேன்.

ஒருநாள் மூன்று குட்டி போட்டாள். கட்டிலுக்கு அடியில், எனக்குச் சீராக வந்த கலர் டிவியின் அட்டைப்பெட்டிக்குள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் பக்கம் பச்சைக் குழந்தைக்கு என்னென்ன செய்வார்களோ அத்தனையும் செய்தேன். வெந்நீரில் துடைத்து, பவுடர் போட்டு, திருஷ்டிக்கு நெற்றியில் மைப் பொட்டு வைத்து, தணல் எடுத்து சாம்பிராணியும் காட்டினேன். கண்கூடத் திறக்காத குட்டிகள்...

கலெக்டரம்மா வந்து ஒவ்வொன்றாக மோந்து பார்த்தாள். பின்வாங்கினாள். மறுபடி மோந்தாள். அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

நான் துணி துவைத்துவிட்டு வந்தபோது பெட்டி காலி.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாய் தின்றிருக்கும் என்றே நினைத்து அழுதேன். மூன்றாம் நாள் எங்கள் அளத்தில் உப்பு சுமக்கும் அஞ்சலை வந்தாள். என்னைவிட ஒரு வயது சின்னவள், வாய் மட்டும் ரொம்பப் பெரிசு.

"யக்கா, கலெக்டரம்மா நம்ம அம்பாரத்துல குடித்தனம் வந்துட்டாங்க. தெரியுமா?"

வாரிய உப்பைக் குவித்து, மழைக்குப் பனையோலை போட்டு மூடி வைப்பதுதான் அம்பாரம். ஓடினேன். ஓலை இடுக்கில் மூன்றும் உயிரோடு இருந்தன! கையை நீட்டினேன். கலெக்டரம்மா சீறினாள். அஞ்சலை என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னாக்கா நீ! இன்னும் கமகமன்னு சாம்பிராணி வாசன அடிக்குது. அதுக்கு மோப்பம்தான எல்லாம்? பயந்துதான் தூக்கினு வந்துருக்கு. இன்னொரு வாட்டி தொட்டியானா இங்கேர்ந்தும் தூக்கினு போயிடும். அந்தாண்ட நாய்ங்க சுத்துது, பாத்துக்கோ."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஆனால் மறுநாள் காலை அந்த அம்பாரத்துக்கு லாரி வருகிறது. வீட்டுக்காரரிடம் கெஞ்சினேன்.

"லாரிய நிறுத்த முடியாதுடி. அந்தக் கோடியிலேர்ந்து எடுக்கச் சொல்றேன். இந்தப் பக்கம் வர்றதுக்கு மத்தியானம் ஆவும். அதுக்குள்ள உன் பூனையா மனசு வச்சாதான் உண்டு."

காலையில், சாம்பிராணி வாசனை ஏறிய அந்த அட்டைப்பெட்டியைத் தூக்கி எறிந்தேன். அவள் வழக்கமாகப் படுக்கும் பழைய கோணியைக் கட்டிலுக்கு அடியில் போட்டேன். பவுடர் இல்லை, சாம்பிராணி இல்லை. கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, அம்பாரத்துக்குப் போகும் வரப்பில் போய் உட்கார்ந்தேன்.

லாரி வந்தது. கூடை கூடையாக உப்பு போனது. அம்பாரம் குறையக் குறைய அந்த ஓலை இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் கரைந்த பிறகு சலங்கைச் சத்தம் கேட்டது.

வாயில் ஒரு குட்டியோடு கலெக்டரம்மா வெளியே வந்தாள்.

ஒரு அடி அகல வரப்பு. இரண்டு பக்கமும் வெயிலில் கண்கூசும் உப்புத் தண்ணீர். நடுவில் நான். எழுந்தால் மிரண்டுவிடுவாள் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன். கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றாள். குட்டியின் நெற்றியில் என் மைப் பொட்டு அப்படியே இருந்தது. எனக்குக் கை பரபரத்தது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

பார்த்தாள். என்னைத் தாண்டி நேராக வீட்டுக்குள் போனாள்.

திரும்பி வந்து இரண்டாவது. அப்புறம் மூன்றாவது. தலையில் உப்புக் கூடையோடு அத்தனை பேரும் வரிசையாக அசையாமல் நின்றார்கள். லாரி டிரைவர் இன்ஜினையே அணைத்துவிட்டார். அவ்வளவு பெரிய அளத்தில் அந்தச் சலங்கைச் சத்தம் மட்டும்தான். அம்மாடி... எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அப்புறம் பத்து நாள் கட்டிலுக்கு அடியில் நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அந்தப் பத்து நாள் நான் பட்ட அவஸ்தை எனக்குத்தான் தெரியும். பதினோராம் நாள், கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மடியில் அவளே வந்து ஏறினாள். மெதுவாக அந்தச் சலங்கையை அவிழ்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைக் காட்டினாள்.

இப்போது பாண்டியில் ஃப்ளாட். காலேஜ் படிக்கும் என் மகள் ஒரு பூனை வளர்க்கிறாள். அதற்கு ஆன்லைனில் வாங்கிய கவுன், பர்த்டே கேக், முகத்துக்கு நேரே ஃபோன் ஃப்ளாஷ். அது பாதி நாள் சோபாவுக்கு அடியிலேயே கிடக்கிறது.

"நான்தானம்மா சாப்பாடு போடுறேன். ஏன் உன்கிட்ட மட்டும் வருது?" என்று போன வாரம் அழாத குறையாகக் கேட்டாள்.

"ஃபோன வச்சிட்டு கீழ உக்காரு. கைய பின்னால கட்டிக்கோ. கூப்பிடாத," என்றேன்.

முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தாள். கால் மணி நேரம் ஆனது. சோபாவுக்கு அடியிலிருந்து முதலில் மீசை வந்தது, அப்புறம் ஒரு கால்... மெதுவாக வந்து அவள் முழங்காலை மோந்து பார்த்தது.

மகள் மூச்சுகூட விடாமல் என்னைப் பார்த்தாள். அன்றைக்கு வரப்பில் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.