ஒரு சாண் கூடுதல்

காலையில் உத்தரகோசமங்கைப் பக்கம் பார்த்த கண்மாயெல்லாம் வறண்டு வெடித்துக் கிடந்தது. இங்கே தனுஷ்கோடியில், கடலுக்கு இருபதடி தள்ளி, முழங்கை ஆழ மணல் குழியில் குடிநீர் ஊறுகிறது. மீனவர் வீட்டுப் பெண் ஒருத்தி தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுகிறாள். அரை மணி நேரமாகியும் கால் குடம்தான். எனக்குப் பொறுக்கவில்லை. சிரட்டையை வாங்கி இன்னும் ஒரு சாண் தோண்டிவிடுகிறேன். தண்ணீர் குபுகுபுவென்று வருகிறது.

அவள் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புகிறாள்.

“உப்பு ஏறிருச்சுண்ணே. நல்ல தண்ணி மேலாக்கத்தான் நிக்கும்.”

“இப்ப என்ன செய்யிறது?”

“இங்கன இனி ஆகாது. வேற எடம் தோண்டணும்.”

குழியை மூடிவிட்டுப் பத்தடி தள்ளி உட்காருகிறாள். நானும் போய் உட்காருகிறேன். வெறுங்கையால் மணலைப் பறிக்கத் தொடங்குகிறவள், சிரட்டையை எடுத்து எனக்கு எட்டாத பக்கம் வைத்துக்கொள்கிறாள்.